ராமநாதபுரம் கடற்கரையின் பழைய கட்டடங்களை ஆயில் பெயின்டில் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் விசைப்படகுகளுக்குப் பேர் எழுதித்தான் நான் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஆயில் பெயின்டுக்கு வந்தது பிறகு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடி, கீழக்கரை, தேவிபட்டினம் என்று வரையப் போகிறேன். வருகிறவர்கள் போனில் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆயில் பெயின்டே தொட்டதில்லை. எந்தக் கட்டடத்தில் தொடங்கலாம்?

எல்லோருக்கும் தனுஷ்கோடி தேவாலயம்தான் வேண்டும். முதல் படத்துக்கு அது வேண்டாம். ஒழுங்கான கோடு ஒன்றுகூட இல்லாத சுவர் அது. கை பழகாதவர்களுக்கு அரை மணி நேரத்தில் எல்லாம் சேறாகிவிடும்.

தேவிபட்டினத்துக்குப் போங்கள். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள், நவபாஷாணம். நிமிர்ந்த கல், படுத்த தண்ணீர், பின்னால் வானம், அவ்வளவுதான். பாக் நீரிணைப் பக்கம் என்பதால் பெரும்பாலும் அலை அடங்கியே இருக்கும். எது இருட்டு, எது வெளிச்சம் என்று கண் பழக அந்த ஒரு காட்சி போதும். கற்களைச் சுற்றி எப்போதும் பக்தர்கள் இருப்பார்கள், அதனால் படம் வைக்கும் ஸ்டாண்டைக் கரையிலேயே தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். உள்ளே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டை, ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்பது, ராமாயணக் காட்சிகள் எல்லாம் உண்டு. அவை சுண்ணப் பூச்சின் மேல் தீட்டியவை, ஆயில் அல்ல. ஆனாலும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய வண்ணங்களை வைத்துக்கொண்டு ஒரு மண்டபத்தையே நிரப்பியிருக்கிறார்கள். 24 ட்யூப் செட் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு அதுவே பதில்.

அப்படியானால் எத்தனை வண்ணம் போதும்?

நான் கொண்டுபோவது ஆறு: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரின் புளூ, விரிடியன் (நீலம் கலந்த பச்சை). வெள்ளை மட்டும் பெரிய ட்யூப். நம் ஊர் வெயிலில் வெள்ளைதான் முதலில் தீரும். கறுப்பு வாங்க வேண்டாம். அல்ட்ராமரினையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் வரும் இருட்டில் உயிர் இருக்கும். கடைக் கறுப்பைச் சுவரின் நிழலில் தடவினால் அங்கே சுவர் இருக்காது, ஓட்டைதான் இருக்கும்.

தனுஷ்கோடி தேவாலயச் சுவர் உண்மையில் என்ன நிறம்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். அதிகம் பேர் தவறு செய்வதும் இதில்தான். வீட்டிலிருந்தே சாம்பல் கலந்து எடுத்து வருகிறவர்கள் உண்டு. பாழடைந்த கட்டடம் என்றால் சாம்பல் நிறம் என்று மனசு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

முதலில் அந்தச் சுவர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். செங்கல்லோ கருங்கல்லோ அல்ல, கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. கிட்டே போய்ப் பார்த்தால் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும். பவளப்பூச்சிகள் கட்டிய வீட்டை எடுத்து மனிதர்கள் இன்னொரு வீடு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கண்களுக்குள் வெயில் பாதி போய் நின்றுவிடும். ஒரே கல்லில் ஊசி முனை அளவு நிழல் ஆயிரம் இருக்கும். தூரத்தில் நின்று பார்க்கும்போது அந்த நிழல்கள் எல்லாம் சேர்ந்துதான் நமக்குச் ‘சாம்பல்’ என்று தெரிகிறது.

நான் செய்வது இப்படி. முதலில் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துச் சுவர் முழுவதும் தேய்த்துவிடுவேன். அது இழுத்துக்கொண்டதும் அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கலந்து நிழல் பகுதிகளை மெல்லிசாக அடைப்பேன். வாசல் வளைவின் உள்பக்கம், சன்னல் குழிகள், சுவர் பிளந்த இடங்கள். அப்புறம்தான் வெயில். வெள்ளையில் ஓக்கர், கடுகளவு சியன்னா சேர்த்து, எண்ணெய் விடாமல் கெட்டியாகவே எடுத்து, அகலத் தூரிகையைப் படுக்கவைத்து, அழுத்தாமல் இழுத்துவிடுவேன். கேன்வாஸின் மேட்டில் மட்டும் வண்ணம் ஒட்டும், பள்ளத்தில் அடியிலுள்ள சிவப்பு தெரியும். பவளக்கல்லின் கண்கள் தானாக வந்துவிடும். ஒவ்வொரு துளையாக உட்கார்ந்து புள்ளி வைத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். மூன்று வாரம் வைத்தான். கடைசியில் அது பஞ்சு மாதிரி இருந்தது.

சாந்துக் கோடுகளைக் கடைசியில், அதுவும் சில இடங்களில் மட்டும் போடுங்கள். எல்லாக் கல்லுக்கும் கோடு போட்டால் புதிதாகக் கட்டிய காம்பவுண்டு சுவர் ஆகிவிடும்.

இன்னொன்று, அடிப்பகுதி. சுற்றிலும் வெண்மணல். வெயில் மணலில் பட்டுச் சுவரின் நிழல் பக்கத்திலும் ஏறும். அதனால் நிழலே ஆனாலும் தரையை ஒட்டிய பகுதி கொஞ்சம் வெளுத்து, மஞ்சளோடிப் போயிருக்கும். இதைக் கவனித்து வைத்தால் போதும், சுவர் மணலில் நிற்கும். இல்லாவிட்டால் மிதக்கும்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

தை பாதியிலிருந்து பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். மே மாதத்துக்கு மேல் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பிடித்தால் தனுஷ்கோடியில் குடை நிற்காது, ஸ்டாண்டு நிற்காது, சில நாள் ஆளே நிற்க முடியாது. படகுக்காரர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசை வைத்துப் பேர் சொல்வார்கள். அன்றைக்கு என்ன காற்று என்று கடற்கரையில் ஒருவரைக் கேட்டுவிட்டு மூட்டையைப் பிரியுங்கள். போனில் பார்க்கும் வானிலையைவிட அது சரியாக இருக்கும்.

நேரம் என்றால் காலை ஆறரை முதல் ஒன்பது, மாலை நான்குக்கு மேல். ஆனால் மாலையில் தனுஷ்கோடியிலிருந்து நேரத்தோடு திரும்பச் சொல்லிவிடுவார்கள். அங்கே காலைதான் கணக்கு.

இதில் ஒரு விஷயம் வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்காது. வடக்குப் பார்த்த சுவருக்கு நேர் வெயில் வராது, வடக்கு வெளிச்சம் மாறாது என்று அவற்றில் எழுதியிருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, மதியம் பன்னிரண்டே கால் போல, சூரியன் சரியாக உச்சந்தலையில் நிற்கும். அந்த நேரத்தில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வைகாசி, ஆனியில் வடக்குச் சுவர் வெயிலில் காயும், தெற்குச் சுவர் நிழலில் கிடக்கும். மார்கழியில் அப்படியே தலைகீழ். மார்கழியில் பாதி வரைந்த படத்தை வைகாசியில் எடுத்துக்கொண்டு போய், ‘நிழல் எல்லாம் இடம் மாறிப்போச்சு’ என்று நின்றவர்களில் நானும் ஒருவன்.

ஒரே நாளில் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிறதே, எப்படிச் சமாளிப்பது?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கேன்வாஸ். காலை படம் வேறு, மாலை படம் வேறு. பிரான்ஸில் மோனே 1892-லிருந்து ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தார். வெளிச்சம் மாறினால் கேன்வாஸை மாற்றிவிடுவார். நமக்கு முப்பது வேண்டாம், இரண்டு போதும். வந்ததும் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லைகளை மட்டும் குறித்துவிடுங்கள். அதற்கப்புறம் சூரியன் எங்கே போனாலும் அந்த நிழலை மாற்றாதீர்கள்.

இடிந்துபோன கூரையைச் சேர்த்து, முழுக் கட்டடமாக வரையலாமா?

நான் ஒருமுறை வரைந்தேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்கு முன்னால் அந்தத் தேவாலயம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, ஓட்டுக்கூரை போட்டு, சிலுவை வைத்து, வாசலில் ஆட்களையும் நிறுத்தினேன். நன்றாகவே வந்தது என்று நினைத்தேன். இடத்திலேயே உட்கார்ந்து கடைசித் தொடுதல் செய்துகொண்டிருந்தபோது தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருவர் பின்னால் வந்து நின்றார். சின்ன வயதில் தனுஷ்கோடியில் இருந்தவர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏப்பா, கூரைய யாரு வேஞ்சா?” என்றார்.

“நானாத்தான்யா போட்டேன்” என்றேன்.

“அதான் பாத்தேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தப்பு என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கூரையைக் கத்தியால் வழித்து எடுத்தேன். ஈரமாக இருந்ததால் வந்துவிட்டது.

அந்த ஊருக்கு ரயில் வந்தது, தபால் நிலையம் இருந்தது, 1914-லிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலே அந்த இரவில் கடலோடு போயிற்று. அதெல்லாம் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னால் நம் இஷ்டத்துக்கு ஓடு வேய்வது எனக்கு ஒப்பவில்லை. பழைய போட்டோ கையில் இருந்தால், அதைப் பார்த்து வரைந்தது என்று சொல்லி வரையுங்கள், அது வேறு சங்கதி. இல்லையென்றால் கூரை இருந்த இடத்தில் வானத்தை வையுங்கள். உண்மையில் அங்கே வரையக் கடினமானது அந்த வானம்தான். சுவருக்குள் தெரியும் வானமும் வெளியே தெரியும் வானமும் ஒரே நீலம். ஆனால் நான்கு பக்கமும் இருட்டுச் சுவர் சூழ்ந்திருப்பதால் உள்ளே தெரிவது கண்ணுக்கு இன்னும் வெளிச்சமாகத் தோன்றும். கூடுதல் வெள்ளை சேர்க்காதீர்கள். சுற்றியுள்ள இருட்டை ஒழுங்காகப் போட்டால் அதுவே செய்துவிடும்.

போட்டோ பார்த்து வீட்டில் வரையக் கூடாதா?

வரையலாம். கோடுகளுக்கும் அளவுக்கும் போட்டோ நல்லது. நிறத்துக்கு நம்பாதீர்கள். இந்த வெயிலில் செல்போன் மணலை வெள்ளையாக்கும், நிழலைக் கறுப்பாக்கும், இடையில் உள்ளதையெல்லாம் தின்றுவிடும். இடத்திலேயே உள்ளங்கை அளவு அட்டையில் நிறத்தை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். கால் மணி நேர வேலை.

வீட்டில் மிச்சமிருக்கும் எனாமலில் வரையலாமா? விலை குறைவுதானே?

படகுக்குச் சரி, படத்துக்கு வேண்டாம். எனாமல் மேலே சீக்கிரம் ஆடை கட்டிவிடும், அடியில் ஈரம் இருக்கும். அதன் மேல் ஆயில் பெயின்டைத் தடித்துப் போட்டால் வெடிக்கும். வெள்ளையும் நாள்பட மஞ்சளாகும். நான் சொல்வது என் முதல் ஐந்து படங்களின் கதை.

பெயின்ட் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் தூரிகை கழுவ நல்லதுதான். வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் மட்டும் ஓவியப் பொருள் கடையில் வாங்குங்கள். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூட. இந்த வரிசை மாறினால் கீழே உள்ளது காய்வதற்கு முன் மேலே உள்ளது இறுகிப்போய் விரிசல் விழும்.

கேன்வாஸா, பலகையா?

கடற்கரைக்குப் பலகை. இழுத்து ஆணியடித்த கேன்வாஸ் காற்றுக்குப் பாய் மாதிரி உப்பும், ஈரக்காற்றில் தொய்யும். பிளைவுட் துண்டில் காட்டன் துணியை ஒட்டி, இரண்டு மூன்று கை அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) அடித்து, பின்பக்கத்துக்கும் ஒரு கை அடித்துவிடுங்கள். பின்னால் அடிக்காவிட்டால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி, பலகை வளைந்துபோகும்.

ஸ்டாண்டுக்கு நடுவில் ஒரு உரச்சாக்கைத் தொங்கவிட்டு அங்கேயே மணல் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். சுமந்துவரத் தேவையில்லை. குடை கறுப்பாக இருக்கட்டும். சிவப்புக் குடையின் கீழ் உட்கார்ந்தால் படம் முழுவதும் பச்சையடித்துப் போகும், ஏனென்று அப்போது தெரியாது.

படத்தில் மணல் விழுந்துவிட்டது. எடுக்க வேண்டுமா?

ஈரத்தில் தொடாதீர்கள், இழுவிவிடும். நன்றாகக் காய்ந்தபின் கத்தியைச் சாய்த்துச் சுரண்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மிச்சம் நாலு மணல் இருந்தால் இருக்கட்டும்.

பாம்பன் பாலத்தை எங்கே நின்று வரைவது?

சாலைப் பாலத்தின் மேல் நின்று வரைய விடமாட்டார்கள், ஆபத்தும்கூட. பாம்பன் கரையில் இறங்கி, படகுகள் கட்டியிருக்கும் பக்கம் போனால் கீழிருந்து பார்க்கலாம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தின் நடுக்கண் இரண்டு பக்கமும் கை தூக்குவது போலத் திறக்கும்படி கட்டியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் நடுக்கண் அப்படியே செங்குத்தாக மேலே எழும். இரண்டையும் ஒரே படத்தில் திணிக்கிறவர்கள் இரண்டையும் கெடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். தூண்களை எண்ணி எண்ணிப் போட வேண்டாம். கிட்டே உள்ள மூன்றை ஒழுங்காகப் போடுங்கள், மிச்சத்தை ஒரே இழுப்பில் கடலோடு கரைத்துவிடுங்கள்.

கடலுக்கு என்ன நிறம் கலப்பது?

எந்தக் கடல்? வடக்கே பாக் நீரிணை, பெண் கடல். ஆழம் குறைவு, விரிடியனும் ஓக்கரும் வெள்ளையும் கலந்த வெளிர்பச்சை. தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். அல்ட்ராமரின் கூட வேண்டும். தனுஷ்கோடியில் கழுத்தைத் திருப்பினால் இரண்டும் தெரியும்.

ராமேஸ்வரம் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து வரையலாமா?

கூட்டத்தில் ஸ்டாண்டு போட இடமும் இல்லை, விடவும் மாட்டார்கள். போனும் உள்ளே கொண்டுபோக முடியாது. சுற்றி வாருங்கள், 1,212 தூண் என்று சொல்லும் அந்த மூன்றாம் பிராகாரத்தை இரண்டு தடவை நடந்து பாருங்கள், வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து பென்சிலில் போடுங்கள். நினைவில் நின்றது போதும்.

கீழக்கரைப் பள்ளிவாசலில்?

பழைய ஜும்மா பள்ளிவாசலைச் சீதக்காதி காலத்தோடு, 17-ஆம் நூற்றாண்டோடு சேர்த்துச் சொல்வார்கள். கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் என்றே தோன்றும். தூண் கட்டும் முறை அதேதான். உருவங்கள் மட்டும் இருக்காது, பூவும் கொடியுமாகச் செதுக்கியிருப்பார்கள். ஜமாத்தில் கேட்டுவிட்டு, தொழுகை நேரம் தவிர்த்து, வெள்ளிக்கிழமை போகாமல், வெளியிலிருந்து வரையுங்கள். டர்பன்டைன் வாடை அங்கே வேண்டாம் என்று நான் பென்சிலும் நீர்வண்ணமும்தான் கொண்டுபோவேன், ஆயிலை வீட்டில் போடுவேன்.

எத்தனை நாளில் காயும்? வார்னிஷ் எப்போது?

ஆயில் பெயின்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. அம்பர் போட்ட இடம் இரண்டு நாளில் தொட்டால் ஒட்டாது, தடித்த வெள்ளைக்கு வாரக்கணக்கு ஆகும். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பொறுங்கள். பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள், இருட்டில் எண்ணெய் மஞ்சளிக்கும், துணியின் பின்னால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான சுவரில், நேர் வெயில் படாமல் மாட்டுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். இறுகும்போது சூடாகும், குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள்.

மாதிரிக்கு ஒரு பவளக்கல் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, செத்த துண்டும் சேர்த்துத்தான். சுவரிலிருந்து உதிர்ந்ததும் சுவருக்கே சொந்தம்.

ஈரமான படத்தைப் பஸ்ஸில் எப்படிக் கொண்டுவருவது?

ஒரே அளவில் இரண்டு பலகை கொண்டுபோங்கள். முகத்தோடு முகம் பார்க்க வைத்து, நாலு மூலையிலும் விரல் கனத்துக்கு தெர்மாகோல் துண்டு கொடுத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் நடுவில் எதுவும் தொடாது. டர்பன்டைன் பாட்டிலை மூடி இறுக்கித் தனியே வையுங்கள். ரயிலில் அதைக் கொண்டுபோகக் கூடாது. தனுஷ்கோடி பஸ்ஸில் பின் சீட்டுக்கு முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொள்ளலாம், கண்டக்டர் லக்கேஜ் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னால் மட்டும், ராமேஸ்வரம் வந்து இறங்கிக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.